சார்ட்டர் பள்ளிக்கு உதவப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்கப் பெருநகரங்களில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு, பக்கத்துத் தெருவில் உள்ள சார்ட்டர் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆனால் அது என்ன பள்ளி, யாருடைய பள்ளி, உள்ளே போய் என்ன செய்வது என்பதில் தெளிவு இல்லை. தன்னார்வலர்களைப் பள்ளிகளோடு சேர்த்துவிடும் வேலையை நான் செய்து வருவதால், வார இறுதித் தமிழ் வகுப்பின் வாசலிலும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் இந்தச் சந்தேகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பள்ளிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சார்ட்டர் பள்ளின்னா தனியாரா, அரசா? முதல்ல அதைச் சொல்லுங்க.

அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி. கட்டணம் கிடையாது. நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கக் கூடாது, மதம் போதிக்கக் கூடாது, மாநிலத் தேர்வுகளை எழுத வேண்டும். ஆனால் அதை நடத்துவது, ஒரு பகுதியின் மற்ற பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பான பள்ளி மாவட்டம் இல்லை. தனியாக ஒரு நிர்வாகக் குழு நடத்துகிறது. அது பெரும்பாலும் லாப நோக்கமற்ற அமைப்பாக இருக்கும்.

அந்தக் குழுவுக்கும் அனுமதி தரும் அமைப்புக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. அதற்குத்தான் சார்ட்டர் என்று பெயர். பாடத்திட்டம், பள்ளி நேரம், ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் பள்ளிக்குக் கூடுதல் சுதந்திரம் கிடைக்கும். பதிலுக்கு, சொன்ன முடிவுகளைக் காட்ட வேண்டும். பல மாநிலங்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் பரிசீலிப்பார்கள். காட்ட முடியாத பள்ளியை மூடலாம்.

அப்போ நம்ம ஊர் அரசு உதவி பெறும் பள்ளி மாதிரின்னு வெச்சுக்கலாமா?

ஓரளவு வைத்துக்கொள்ளலாம். அரசுப் பணம், வேறொருவர் நிர்வாகம் என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் நம் ஊரில் உதவி பெறும் பள்ளிகள் பலவற்றை மத அமைப்புகள் நடத்துகின்றன. இங்கே அதற்கு இடமில்லை. ஓக்லஹோமாவில் ஒரு கத்தோலிக்க இணையவழிச் சார்ட்டர் பள்ளிக்கு அனுமதி கொடுக்கப் பார்த்தார்கள். அந்த மாநில உச்ச நீதிமன்றம் தடுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம் நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் மாநிலத் தீர்ப்பே நிலைத்தது.

இன்னொரு வேறுபாடு சம்பளம். உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு அங்கே அரசே சம்பளம் தருகிறது. இங்கே சார்ட்டர் பள்ளியே தன் பட்ஜெட்டிலிருந்து முடிவு செய்து கொடுக்கிறது. ஆசிரியர்கள் படும் பாட்டைப் பற்றிக் கீழே பேசும்போது இது முக்கியமாகும்.

இது எங்கே ஆரம்பிச்சது? யாரோ பணக்காரங்க யோசனையா?

பின்னாளில் பெரும் பணக்காரர்களின் அறக்கட்டளைகள் நிறையப் பணம் போட்டன, உண்மைதான். தொடக்கம் வேறு. ஆசிரியர்களே புதிய முறையில் பள்ளி நடத்திப் பார்க்கட்டும் என்ற யோசனையை 1988இல் நாடு முழுக்கப் பேசுபொருளாக்கியவர் ஆல்பர்ட் ஷாங்கர், அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு என்ற தொழிற்சங்கத்தின் தலைவர். யோசனை போன திசை பிடிக்காமல் சில ஆண்டுகளில் அவரே அதை எதிர்க்கத் தொடங்கினார்.

முதல் சட்டம் 1991இல் மினசோட்டாவில் வந்தது. முதல் பள்ளி 1992இல் அதே மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் திறந்த சிட்டி அகாடமி. படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்களுக்காகத் தொடங்கிய சின்னப் பள்ளி அது.

பெரிய ஊர்கள்லயே ஏன் இவ்வளவு சார்ட்டர் பள்ளி?

ஏழைக் குடும்பங்கள் அதிகம் வாழும் பகுதிகளில் மாவட்டப் பள்ளிகள் பல காலமாகப் பின்தங்கிக் கிடந்தன. வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள், போக முடியாதவர்களுக்கு வேறு வழியில்லை. அந்த இடத்தில்தான் இவை வேர்பிடித்தன. வாஷிங்டன் டிசியில் பொதுப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் சார்ட்டர் பள்ளிகளில் படிக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸில் 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு ஒவ்வொன்றாக மாறி, 2019இல் மாவட்டம் நேரடியாக நடத்தும் பள்ளி ஒன்றுகூட இல்லாத நிலை வந்தது. 2024இல்தான் மாவட்டம் மறுபடி சொந்தமாக ஒரு பள்ளியைத் திறந்தது.

நியூ ஆர்லியன்ஸ் கதையில் மறக்கக் கூடாத பகுதி ஒன்று உண்டு. புயலுக்குப் பின் அங்கே ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் மொத்தமாக வேலை இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தேர்வு மதிப்பெண்கள் பிறகு உயர்ந்தன. ஆனால் அந்த வலி ஊரில் இன்னும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் உதவப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நம்ம பிள்ளையைச் சேர்க்கணும்னா சிபாரிசு வேணுமா?

வேண்டாம், செல்லவும் செல்லாது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்தான். ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைக்குப் பொதுவாக முன்னுரிமை உண்டு. டிசி போன்ற ஊர்களில் பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரே பொதுக் குலுக்கல். கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள், அவ்வளவுதான்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி என்ன என்ற கேள்வி வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதுகிற பெற்றோர் உண்டு. உள்ளதை எழுதுங்கள். ஆங்கிலம் எந்த அளவு வருகிறது என்று ஒரு சோதனை வைப்பார்கள். தேவைப்பட்டால் உதவி கிடைக்கும், தேவைப்படாவிட்டால் வழக்கமான வகுப்பு.

உண்மையிலேயே இங்க படிப்பு நல்லா வருதா? ஒருத்தர் ஆகான்னு சொல்றார், இன்னொருத்தர் மோசம்ங்கறார்.

இருவருக்கும் கையில் ஆதாரம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ என்ற ஆய்வு மையம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாவட்டப் பள்ளிகளைவிடக் கணிதத்தில் தெளிவாக மேலே இருந்த சார்ட்டர் பள்ளிகள் 17 சதவீதம், கீழே இருந்தவை 37 சதவீதம். அதே மையம் 2015இல் 41 நகரப் பகுதிகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, நகரச் சார்ட்டர் மாணவர்கள் ஆண்டுக்குக் கணிதத்தில் 40 நாள், வாசிப்பில் 28 நாள் கூடுதலாகப் படித்ததற்குச் சமமாக முன்னேறியிருந்தார்கள். ஏழை, கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளிடம் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதே ஆண்டு இணையவழிச் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி வந்த அறிக்கையோ கலங்க வைத்தது. கணிதத்தில் 180 நாள் பின்னடைவு, அதாவது ஒரு பள்ளி ஆண்டு முழுக்கப் போனதுபோல.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது பாஸ்டனில் நடந்த குலுக்கல் ஆய்வுகள். குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் விண்ணப்பம் போட்ட, அக்கறையுள்ள குடும்பங்கள்தான் என்பதால் ஒப்பீடு நியாயமானது. அங்கே முன்னேற்றம் பெரிதாகவே இருந்தது. ஆக, சார்ட்டர் என்ற பெயர்ப் பலகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தப் பள்ளிக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

அரசும் பணம் குடுக்குது, பணக்காரங்களும் குடுக்கறாங்க. நாம எதுக்கு?

பெரிய நன்கொடை சில பெரிய பள்ளிக் குழுமங்களுக்குத்தான் போகிறது. தனித்து நிற்கும் சின்னப் பள்ளியின் கணக்கு வேறு. பல மாநிலங்களில் சார்ட்டர் பள்ளிக்கு ஒரு மாணவருக்கு வரும் தொகை மாவட்டப் பள்ளியைவிடக் குறைவு, ஏனென்றால் உள்ளூர் வரிப்பணத்தின் பங்கு முழுதாக வந்து சேர்வதில்லை. அதைவிடப் பெரிய தலைவலி கட்டடம். மாவட்டம் பள்ளி கட்டக் கடன் பத்திரம் வெளியிடும். சார்ட்டர் பள்ளி வாடகைக்கு இடம் தேட வேண்டும். பழைய தேவாலயக் கூடம், மூடிய கடை, கிடங்கு என்று கிடைத்த இடத்தில் நடக்கும் பள்ளிகள் உண்டு. வகுப்பறைக்குப் போக வேண்டிய பணம் வாடகைக்குப் போகிறது. நூலகரும் செவிலியரும் ஆலோசகரும் போதிய அளவு இல்லாமல் போவது இதனால்தான்.

எனக்குப் பாடம் நடத்தல்லாம் வராது. நான் போய் என்ன செய்ய?

ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்காமல் எதையும் கொண்டு போகாதீர்கள். பட்டியல் என்று பார்த்தால் நிறைய இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசிப்பது, நூலக அலமாரியை ஒழுங்குபடுத்துவது, கல்லூரி விண்ணப்பக் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்வது, கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தை நிரப்பும் மாலையில் பெற்றோருக்குத் துணையாக இருப்பது, மதிய உணவு நேரத்தில் ஆசிரியர் பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட வழி செய்வது. கடைசியில் சொன்னது சின்னதாகத் தெரியும். ஆசிரியர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள் நாம். ஹோண்டுராஸிலிருந்தோ காங்கோவிலிருந்தோ போன மாதம் வந்த பிள்ளைக்கு, ஒரு சொல்லை மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதே பாடம் எப்படித் தாண்டிப் போய்விடும் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பொறுமை நம்மிடம் இருக்கிறது. அதை அங்கே கொண்டு போங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

வாரத்துல ஒரு மணி நேரம்தான் முடியும். அதுல என்ன பிரயோஜனம்?

ஒரு மணி நேரத்தால் என்ன ஆகும், என்ன ஆகாது என்று பிரித்துச் சொல்கிறேன். பின்தங்கிய பிள்ளையைக் கணிதத்தில் மேலே கொண்டுவர, பாஸ்டனின் மேட்ச் என்ற சார்ட்டர் பள்ளி 2004இல் ஒரு முறையைத் தொடங்கியது. கல்லூரி முடித்த இளைஞர்களை ஓராண்டு முழுநேரப் பயிற்றுநர்களாக வைத்து, தினமும் பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒருவருக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு சாகா என்ற அமைப்பு இதையே சிகாகோவின் பொதுப் பள்ளிகளில் செய்தது. அங்கே நடந்த ஆய்வுகளில் கணித மதிப்பெண் நன்றாக உயர்ந்தது. தினமும், அதே ஆள், அதே பிள்ளை, வகுப்பில் நடக்கும் அதே பாடம். பலன் அதிலிருந்து வந்தது.

வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஈடாகாது. ஆனால் வாசிப்புத் துணைக்கும், பெரிய பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருப்பதற்கும் அது போதும், ஒரு நிபந்தனையோடு. பள்ளி ஆண்டு முடியும்வரை வர வேண்டும். அக்டோபரில் உற்சாகமாக வந்து ஜனவரியில் காணாமல் போகிறவர்களால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான் மிச்சம். தன்னை விட்டுப் போன பெரியவர்களின் கணக்கில் அந்தப் பிள்ளை உங்களையும் சேர்த்துக்கொள்ளும். முடியாது என்று தோன்றினால் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, ஒருநாள் வேலை எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் தேவை இருக்கிறது.

டீச்சர்களுக்குப் பரிசு வாங்கிக் கொடுக்கலாமா?

ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லும் ஆசிரியர் வாரத்தில் பூங்கொத்தும் கேக்கும் வரட்டும், நல்லதுதான். ஆனால் வகுப்புக்கான பொருட்களை ஆசிரியர்கள் தங்கள் கைக்காசில் வாங்குவது இந்த நாட்டில் எவ்வளவு சாதாரணம் என்றால், மத்திய வருமான வரிச் சட்டமே அதற்காகத் தனிக் கழிவு தருகிறது. அந்தச் செலவை நாம் ஏற்பதே நல்ல பரிசு. டோனர்ஸ்சூஸ் என்ற இணையதளத்தை 2000இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி ஆசிரியர் ஒருவர் தொடங்கினார். தங்களுக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியர்களே அதில் எழுதிப் போடுவார்கள். சார்ட்டர் பள்ளி ஆசிரியர்களும் போடலாம். பணத்தைக் கையில் கொடுக்காமல் பொருளாக அனுப்புகிறார்கள் என்பதால் நம்பிக் கொடுக்கலாம். உங்கள் கம்பெனி நீங்கள் கொடுக்கும் நன்கொடைக்கு இணையாகத் தானும் பணம் தருமா, தன்னார்வ நேரத்துக்குப் பள்ளிக்குப் பணம் தருமா என்று எச்ஆரிடம் விசாரியுங்கள். பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

போன வருஷம் பார்த்த டீச்சர் இந்த வருஷம் இல்லை. ஏன் இப்படி ஓடிப் போறாங்க?

ஓடுகிறார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சார்ட்டர் பள்ளி ஆசிரியர்கள் சராசரியாக இளையவர்கள், அனுபவம் குறைந்தவர்கள். பள்ளி நேரம் நீளம். பெரும்பாலான பள்ளிகளில் தொழிற்சங்கம் இல்லை, பணிப் பாதுகாப்பும் குறைவு. மேலே சொன்னதுபோல் சம்பளத்தைப் பள்ளியே முடிவு செய்வதால், பக்கத்து மாவட்டப் பள்ளி அதிகம் கொடுத்தால் போகத்தான் செய்வார்கள்.

2018 டிசம்பரில் சிகாகோவில் ஏசெரோ என்ற குழுமத்தின் 15 பள்ளிகளில் 500க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்கச் சார்ட்டர் பள்ளி வரலாற்றில் அதுதான் முதல் வேலைநிறுத்தம். சம்பளத்தோடு, வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறைக்கவும், குடியேறிய மாணவர்களுக்குப் பாதுகாப்புத் தரவும் கேட்டார்கள். சில நாட்களில் உடன்பாடு வந்தது. ஆசிரியரின் நலமும் மாணவரின் நலமும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நாம் செய்யக்கூடியது: முதலாண்டு ஆசிரியரைத் தேடிப் பிடித்து, நகல் எடுப்பது, தாள் அடுக்குவது, வகுப்பறை ஏற்பாடு போன்ற வேலைகளை வாங்கிக்கொள்வது. கல்விக் கடன் உள்ளவர்களுக்கு இன்னொரு தகவல். குறைந்த வருமானப் பள்ளிகளில் ஐந்தாண்டு வேலை செய்பவர்களுக்கு 17,500 டாலர் வரை கடன் தள்ளுபடி தரும் மத்திய அரசுத் திட்டம் உண்டு. தகுதியுள்ள சார்ட்டர் பள்ளிகளும் அதில் சேரும். இது தெரியாத இளம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

அங்கே ஒழுங்கு ரொம்பக் கடுமையாமே? வரிசையில பேசினாலே தண்டனையாமே?

ஒரு காலத்தில் பல நகரச் சார்ட்டர் பள்ளிகள் அப்படி இருந்தன, சில இன்னும் இருக்கின்றன. 1994இல் ஹூஸ்டனில் இரண்டு இளம் ஆசிரியர்கள் தொடங்கிய கிப் குழுமம் இதற்கு முன்னோடி. நீண்ட பள்ளி நேரம், சனிக்கிழமை வகுப்பு, கடும் ஒழுங்கு. மதிப்பெண் உயர்ந்தது, கல்லூரிக்குப் போனவர்கள் எண்ணிக்கையும் உயர்ந்தது. ஆனால் சின்னத் தப்புக்கெல்லாம் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் தண்டிக்கப்படுகிறார்கள் என்ற விமர்சனமும் வளர்ந்தது. 2020இல் கிப், "கடினமாக உழை, நல்லபடி நடந்துகொள்" என்ற தன் பழைய முழக்க வாசகத்தையே கைவிட்டது.

நம் தலைமுறையில் பலர் அடி வாங்கிப் படித்தவர்கள். கண்டிப்பு நல்லதுதானே என்று சொல்லத் தோன்றும். தன்னார்வலராகப் போகும் இடத்தில் அந்த வார்த்தை வேண்டாம். பிள்ளையைக் கண்டிப்பது உங்கள் வேலை இல்லை. சிரமம் வந்தால் ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.

சிறப்புத் தேவை உள்ள பிள்ளைன்னா எடுத்துக்க மாட்டாங்களாம். நிஜமா?

மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான மத்தியக் கல்விச் சட்டம் சார்ட்டர் பள்ளிக்கும் பொருந்தும். ஐஇபி எனப்படும் தனிக் கல்வித் திட்டம் வைத்திருக்கும் பிள்ளைக்கு அதன்படி உதவி தர வேண்டும். இருந்தும் சார்ட்டர் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் விகிதம் மாவட்டப் பள்ளிகளைவிடச் சற்றுக் குறைவு. "உங்க பிள்ளைக்கு வேற பள்ளி பொருத்தமா இருக்கும்" என்று மென்மையாகச் சொல்லித் திருப்பி அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். பேச்சின் தொனியே மாறும்.

கேட்க வேண்டிய இன்னொன்று: இந்தப் பள்ளி சிறப்புக் கல்விக்குத் தானே பொறுப்பா, அல்லது மாவட்டத்தின் கீழ் வருகிறதா? பேச்சுப் பயிற்சியாளரை யார் அனுப்புவார்கள், குறை இருந்தால் யாரிடம் போவது என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

நான் ஹெச்-4 விசாவுல இருக்கேன். சம்பளம் இல்லாம உதவப் போகலாமா?

ஹெச்-4 என்பது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா. வழக்கமாகவே தன்னார்வலர்கள் சம்பளமின்றிச் செய்யும் வேலைகளுக்குப் பொதுவாகத் தடையில்லை. வாசிப்புத் துணை, நூலக உதவி போன்றவை இதில் வரும். சம்பளம் தர வேண்டிய பணியிடத்தில் சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பதுதான் சிக்கல். பதிலி ஆசிரியர் வேலை அப்படிப்பட்டது. சந்தேகமாக இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

எந்த விசாவில் இருந்தாலும் பின்னணிச் சோதனை இருக்கும். சில இடங்களில் கைரேகை, கலிஃபோர்னியாவில் அடிக்கடி வருகிறவர்களுக்குக் காசநோய்ச் சோதனை. இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எல்லோருக்கும் உள்ள விதி அது.

பிள்ளை வீட்டு விஷயம் ஏதாவது சொன்னா என்ன பண்றது? போட்டோ எடுத்துக் குரூப்ல போடலாமா?

போட்டோ வேண்டவே வேண்டாம். பெயர், மதிப்பெண், குடும்ப நிலை எதையும் வெளியே பேசக் கூடாது. மாணவர் பதிவுகளின் இரகசியத்தைக் காக்க 1974இலிருந்தே மத்தியச் சட்டம் இருக்கிறது. பிள்ளையின் குடியுரிமை நிலையைப் பேச்சுவாக்கில்கூடக் கேட்காதீர்கள். குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைக்கும் பொதுப் பள்ளியில் படிக்க உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982இல் பிளைலர் வழக்கில் சொல்லிவிட்டது. பயத்தில் இருக்கும் குடும்பத்தை உங்கள் சாதாரணக் கேள்வியே பள்ளியை விட்டு ஓட வைக்கும்.

அடி, பட்டினி, தொந்தரவு என்று பிள்ளை எதையாவது சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்டுக்கொண்டு, அன்றைக்கே பள்ளி ஆலோசகரிடமோ முதல்வரிடமோ சொல்லுங்கள். நீங்களாகப் பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது.

சார்ட்டர் பள்ளிக்கு உதவினா மாவட்டப் பள்ளியைக் கெடுக்கிற மாதிரி ஆகாதா?

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது இதுதான். ஒரு பிள்ளை சார்ட்டர் பள்ளிக்குப் போனால் அதற்கான பணமும் போகும். ஆனால் மாவட்டத்தின் கட்டடச் செலவும் பேருந்துச் செலவும் ஓய்வூதியச் சுமையும் அதே அளவில் குறையாது. அந்தக் கவலை நியாயமானது. பாஸ்டன் முடிவுகளை மேலே பாராட்டினேன். அதே மாசசூசெட்ஸில் 2016இல் சார்ட்டர் பள்ளிகளின் எண்ணிக்கை வரம்பைத் தளர்த்த வாக்கெடுப்பு வைத்தபோது 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

என் நிலை இது. கொள்கையில் உங்களுக்கு எது சரியோ அதன்படி வாக்களியுங்கள், வாதாடுங்கள். ஆனால் இன்று அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அந்தச் சண்டையைத் தொடங்கவில்லை. அதன் வாசிப்புக்கு உதவுவதை நான் எந்த நாளும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். முடிந்தவர்கள் பக்கத்து மாவட்டப் பள்ளிக்கும் போங்கள், அங்கும் இதே தேவை இருக்கிறது. நன்கொடை கொடுக்கும் முன் மட்டும் விசாரியுங்கள். நிர்வாகத்தை லாபம் பார்க்கும் கம்பெனியிடம் விட்டிருக்கிறார்களா? தணிக்கை அறிக்கை கிடைக்கிறதா? பெரும்பாலான மாநிலங்களில் நிர்வாகக் குழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, ஒருமுறை போய் உட்காருங்கள். முழுக்க இணையவழியில் நடக்கும் பள்ளி என்றால், மேலே சொன்ன 180 நாள் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம உதவிட்டிருக்கிற பள்ளியையே மூடறேன்னு சொல்லிட்டாங்க. இனி என்ன?

இது நடக்கக்கூடியதுதான். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம், பிள்ளைகள் குறைந்து பணம் தீரலாம். மேலே சொன்ன ஏசெரோ குழுமமே 2024 அக்டோபரில் தன் 15 பள்ளிகளில் ஏழு பள்ளிகளை மூடுவதாக அறிவித்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் போராடிய பிறகு, சிலவற்றைக் காப்பாற்றச் சிகாகோ பள்ளி மாவட்டம் தலையிட்டது. ஆகவே அறிவிப்பு வந்ததுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பொதுக் கூட்டம் நடக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு பெற்றோரோடு போங்கள்.

மூடுவது உறுதியானால் செய்ய வேண்டியவை அவசரமானவை. ஒவ்வொரு குடும்பமும் மதிப்பெண் பதிவு, தடுப்பூசிப் பதிவு, ஐஇபி ஆகியவற்றின் நகலைப் பள்ளி அலுவலகம் இயங்கும்போதே வாங்கிவிட வேண்டும். பிறகு எங்கே, யாரிடம் கேட்பது என்பதையும் எழுதி வாங்க வேண்டும். அடுத்த பள்ளிக்கான குலுக்கல் தேதி தாண்டியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் சேர வேண்டும். ஆங்கிலப் படிவங்களைப் பார்த்துத் தடுமாறும் பெற்றோர் அந்த வாரங்களில் நிறையப் பேர் இருப்பார்கள். மாலையில் ஒரு மேசை போட்டு அவர்களோடு உட்கார ஆட்கள் தேவை. எங்கள் குழுவில் சேர்கிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது, அப்படி ஒரு நிலை வந்தால் எந்தெந்த மாலைகளில் வர முடியும் என்பதைத்தான்.